வளரும் மீனும் வளராத் தொட்டியும்

‘அக்குவேரியம்’ என்னும் சொல்லை இன்று நாம் மீன் தொட்டிக்கு வழங்குகிறோம். இலத்தீன் மொழியில் அச்சொல்லின் பழம்பொருள் வேறு. கால்நடைகள் நீர் அருந்தும் இடம் என்பதே அது. 1854ஆம் ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கில இயற்கை நூலறிஞர் தம் நூலொன்றுக்கு அப்பெயரைச் சூட்டினார். அதன் பின்னரே, கண்ணாடிக்குள் நீர்வாழ் உயிர்களை வைத்துக் காக்கும் கலத்திற்கு அச்சொல் நிலைத்த பெயராயிற்று.

ஜாலான் புசார் வட்டாரத்தை அறிந்தோர்க்கு இச்செய்தி ஒரு புன்முறுவலை வருவிக்கும். அதன் அண்டை இடமான கண்டாங் கெர்பாவ் என்பதற்கு மலாய் மொழியில் எருமைப் பட்டி என்று பொருள். ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்நிலமும் நீர்வளமும் மாடு வளர்ப்போரை அங்கே ஈர்த்தன. அவர்களுள் தமிழரும் இருந்தனர். ஜாலான் புசார் என்பதோ ‘பெரிய சாலை’ எனப் பொருள்படும். 1830களில் நோரிஸ் உடன்பிறந்தார் அங்கே நிலம் வாங்கிய காலத்தில் அது பெரும்பாலும் சதுப்பு நிலம். மாடுகள் நீர் குடித்த பழைய ‘அக்குவேரியம்’ மறைந்துவிட்டது. அடுக்குமாடி வீடுகளின் கூடங்களில் கண்ணாடித் தொட்டிகளாகப் புதிய அக்குவேரியம் வந்து அமர்ந்திருக்கிறது.

அத்தொட்டிகள் பலவற்றின் முன்னே ஒரு நாள் ஒரு கேள்வி எழுகிறது. விரல் நீளத்தில் வாங்கிய மீன் முழங்கை நீளத்திற்கு வளர்ந்துவிட்டது. தொட்டியோ வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கிறது. இனிச் செய்யத்தக்கது யாது? தொட்டியைப் பெரிதாக்கிப் புதுப்பிப்பதா, மீனைக் கைவிடுவதா? இக்கேள்விக்கு விடை காண இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் சிறிதளவு தேவைப்படுகின்றன. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

காட்சிசாலையிலிருந்து கூடத்திற்கு

மீனை அறிவதில் தமிழர் பின்தங்கியவர் அல்லர். வாளை, வரால், கெண்டை, ஆரல், அயிரை எனச் சங்க நூல்கள் மீன்களைப் பெயர் சொல்லி வேறுபடுத்திக் காட்டுகின்றன. எனினும் அவை வயலிலும் குளத்திலும் கடலிலும் கண்ட மீன்கள். மீனைப் பக்கவாட்டில், கண்ணுக்கு நேரே, நீருக்குள் இருந்தபடியே காணும் வாய்ப்பைக் கண்ணாடித் தொட்டியே தந்தது.

1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கெனப் பொதுமக்கள் காணும் தனிக்கூடம் திறக்கப்பட்டது. சென்னை மெரினாக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டில் ஒரு மீன் காட்சிசாலை அமைந்தது. சிங்கப்பூரில், வான் கிளீஃப் என்னும் டச்சுக்காரர் நகருக்கு எழுதிவைத்த செல்வத்தைக் கொண்டு, கேனிங் குன்றின் அடிவாரத்தில் 1955ஆம் ஆண்டில் வான் கிளீஃப் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் பெரிய மீன்களை முதன்முதலாகக் கண்டது அங்கேதான். 1996இல் அது மூடப்பட்டது; 1998இல் கட்டடமும் இடிக்கப்பட்டது.

அக்காலத்து வீட்டுத் தொட்டிகள் இரும்புக் கோணச் சட்டத்தில் கண்ணாடிகளைப் பொருத்தி, மூலைகளில் மக்கு அடைத்துச் செய்யப்பட்டவை. சட்டம் துருப்பிடிக்கும், மக்கு காய்ந்து வெடிக்கும், நீர் கசியும். 1960களில் சிலிக்கோன் பசை பரவிய பின்னர், சட்டமே இன்றிக் கண்ணாடியைக் கண்ணாடியோடு ஒட்டும் முறை வந்தது. தொட்டிகள் பெரிதாயின, விலை குறைந்தது. அலங்கார மீன் வணிகத்தில் சிங்கப்பூர் உலகின் முதல் வரிசைக்கு வந்தது. தமிழ்நாட்டில் சென்னைக் கொளத்தூர் இவ்வணிகத்திற்குப் பெயர்பெற்றது. இவ்வாறு, காட்சிசாலைக்கு உரியனவாக இருந்த மீன்களும் வீட்டுக் கூடத்திற்கு வந்து சேர்ந்தன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இருமடங்கு நீளம், எட்டு மடங்கு எடை

கடையில் வாங்கும்பொழுது ஆஸ்கர் மீன் ஐந்தாறு சென்டிமீட்டர் இருக்கும். முழு வளர்ச்சியில் 30 சென்டிமீட்டரைத் தொடும். ஆசிய அரோவானா வீட்டுத் தொட்டியிலேயே 60 சென்டிமீட்டர் வளரக்கூடியது. சிவப்புவால் கெளுத்தியோ இயற்கையில் ஒரு மீட்டரையும் தாண்டும்; ஆனால் அதன் குஞ்சு உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் விற்பனைக்கு வருகிறது.

இவ்வளர்ச்சியின் பொருள் என்ன என்பதை ஓர் எளிய கணக்கு விளக்கும். ஒரு பொருளின் வடிவம் மாறாமல் நீளம் இருமடங்கானால், அகலமும் உயரமும் இருமடங்காகும். ஆகவே அதன் கன அளவு 2×2×2, அதாவது எட்டு மடங்காகும். 15 சென்டிமீட்டர் அரோவானா 60 சென்டிமீட்டராக வளரும்பொழுது நீளம் நான்கு மடங்குதான். எடையோ ஏறத்தாழ 64 மடங்கு. உணவும் கழிவும் எடைக்கு நேர் விகிதத்தில் பெருகுவதில்லை என்பது உண்மை. பெரிய உடலுக்கு ஒவ்வொரு கிலோவுக்கும் சற்றுக் குறைந்த உணவே போதும். எனினும், அவை நீளத்தின் விகிதத்தைப் பன்மடங்கு மிஞ்சுகின்றன என்பதில் ஐயமில்லை.

‘ஒரு அங்குல மீனுக்கு ஒரு காலன் நீர்’ என்று மீன் வளர்ப்போர் சொல்லிவரும் பழைய விதி இங்கேதான் தவறுகிறது. சிறு மீன்கள் பத்துக்கு அவ்விதி ஓரளவு பொருந்தலாம். பத்து அங்குல மீன் ஒன்று, ஓர் அங்குல மீன்கள் பத்திற்கு ஈடாகாது. எடையால் ஆயிரத்திற்கு ஈடாகும்.

மற்றொன்றும் உண்டு. நீர் எவ்வளவு வெப்பமடைகிறதோ அவ்வளவுக்குக் குறைந்த பிராண வாயுவையே கரைத்து வைத்துக்கொள்ளும். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் அளவு பிராண வாயுவை ஏற்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான். நம் நாட்டுத் தொட்டி நீர் பெரும்பாலும் 28, 29 பாகையில் நிற்பது. ஆதலின் குளிர்நாட்டு நூல்களிற் காணும் அளவுகளை அப்படியே இங்கு எடுத்தாளுதல் கூடாது.

தொட்டிக்குத் தக்கபடி மீன் வளருமா?

“மீன் தொட்டிக்குத் தக்கபடிதான் வளரும், கவலை வேண்டா” என்று ஆறுதல் சொல்வோர் உளர். விரலுக்குத் தக்க வீக்கம் என்னும் பழமொழியைப் போல இது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மை வேறு. சிறு தொட்டியில் மீன் குறுகி நிற்பதற்குக் காரணம், இடம் அறிந்து அது தன்னை அடக்கிக்கொள்வதன்று. கழிவு தேங்கிய நீரும், நீந்த இடமின்மையும், இடைவிடாத அயர்ச்சியும் அதன் வளர்ச்சியைத் தடுக்கின்றன. முதுகு வளைதல், துடுப்பு நைதல், நோய்க்கு எளிதில் இரையாதல் ஆகியவை அதன் விளைவுகள். இருட்டறையில் வளர்ந்த செடி வெளிறி இருந்தால், அது அறைக்குப் பொருந்தி வளர்ந்தது என்று நாம் சொல்வதில்லை அல்லவா?

ஆகவே முதல் முடிவு இது: தொட்டியை அளப்பதற்கு முன் மீனை அளக்க வேண்டும். இன்றுள்ள மீனையன்று, முழு வளர்ச்சி பெற்றபின் இருக்கப்போகும் மீனை.

எவ்வளவு இடம் வேண்டும்? பட்டறிவால் வந்த விதி ஒன்று உண்டு. தொட்டியின் நீளம் மீனின் நீளத்தைப் போல மூன்று மடங்கேனும் இருத்தல் வேண்டும். அகலம் மீனின் நீளத்திற்குக் குறையாதிருத்தல் வேண்டும். பெரிய மீனுக்கு அகலமே உயிர்நாடி. நீளம் இருந்தும் அகலம் இல்லையேல், ஒவ்வொரு முறை திரும்பும்பொழுதும் அது உடலை மடக்க நேரும். உயரம் அவ்வளவு முதன்மையானது அன்று.

ஓர் எடுத்துக்காட்டை மேற்கொள்வோம். ஜாலான் புசாரை ஒட்டிய அடுக்குமாடி வீடொன்றில் 120 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள நான்கடித் தொட்டி இருப்பதாகக் கொள்வோம். அதன் கொள்ளளவு 243 லிட்டர். அதில் 60 சென்டிமீட்டர் வளரக்கூடிய அரோவானா ஒன்று இருக்கிறது. மேற்கண்ட விதிப்படி 180 நீளம், 75 அகலம், 60 உயரம் உள்ள தொட்டி வேண்டும். அதன் கொள்ளளவு 810 லிட்டர்.

தரை தாங்குமா?

இனிக் கூடத்தின் தரையை நோக்குவோம். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. ஆகவே நீர் மட்டும் 810 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. ஐந்து பக்கங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 130 கிலோ. தாங்கு மேசை, வடிகட்டி, அதிலுள்ள நீர் ஆகியவற்றைச் சேர்த்தால் சுமை ஒரு டன்னைத் தாண்டிவிடும். பழைய தொட்டியின் மொத்தச் சுமை முந்நூற்றுச் சொச்சம் கிலோதான்.

குடியிருப்பு வீடுகளின் தரையை வடிவமைக்கும் பொறியாளர்கள், ஆட்களும் அறைகலன்களுமாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்ற கணக்கை வழக்கமாக மேற்கொள்வர். மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர் அறை 12 சதுர மீட்டர். அறை முழுவதற்கும் 1,800 கிலோ. இது தரையெங்கும் பரவிய சுமைக்கு உரிய கணக்கு என்பதை மறத்தல் ஆகாது. பழைய தொட்டி அதில் ஆறிலொரு பங்கு அளவே. புதிய தொட்டியோ பாதிக்கு மேற்பட்ட சுமையை ஒரு பக்கத்தில், ஒன்றேகால் சதுர மீட்டருக்குச் சற்று மிகுந்த இடத்தில் கொண்டுவந்து குவிக்கிறது.

இதனால் தரை உடனே இடிந்து விழும் என்பது பொருளன்று. அறையின் நடுவில் வைத்த சுமை தரையை மிகுதியும் வளைக்கும். உத்தரத்தின் மேலோ, சுமை தாங்கும் சுவரை ஒட்டியோ வைத்த சுமை அவ்வளவு வளைக்காது. ஆனால் எந்தச் சுவர் சுமை தாங்குவது, எது வெறும் தடுப்புச் சுவர் என்பதைப் பார்வையால் அறிய இயலாது. ஆதலின் இத்துணைப் பெரிய தொட்டியை அடுக்குமாடி வீட்டில் வைக்க எண்ணுவோர், கட்டடத்தைப் பேணும் அமைப்பின் விதியையும் தகுதி பெற்ற பொறியாளரின் கருத்தையும் முதலில் அறிந்துகொள்வது கடமை. கீழ்வீட்டார் தலைக்கு மேல் வைக்கும் சுமை இது. பொறியாளர் கூடாது என்று சொன்னால் அதனுடன் பேச்சு முடிந்தது. அப்பொழுது மாற்ற வேண்டியது தொட்டியை அன்று, மீனை.

கண்ணாடியும் பசையும்

இசைவு கிடைத்தது எனக் கொண்டு மேற்செல்வோம். பலர் அகலமான தொட்டிக்குக் கனமான கண்ணாடி வேண்டும் என்று எண்ணுவர். பாஸ்கல் காட்டிய நெறிப்படி, நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. தொட்டியின் முன்னிருந்து பின்வரை எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அன்று. 60 சென்டிமீட்டர் ஆழத்தில், அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 60 கிராம் அழுத்தம், மேல்மட்டத்தில் ஏதுமில்லை, சராசரி 30 கிராம். முன்கண்ணாடியின் பரப்பு 180×60, அதாவது 10,800 சதுர சென்டிமீட்டர். ஆகவே அதனை வெளியே தள்ளும் விசை 324 கிலோ எடைக்குச் சமம். நான்கடித் தொட்டியில் இவ்விசை ஏறத்தாழ 120 கிலோதான்.

இக்கணக்கிலிருந்து ஒரு நற்செய்தியும் கிடைக்கிறது. உயரத்தைக் கூட்டினால் விசை அதன் வர்க்கத்திற்கேற்பப் பெருகும்; அகலத்தைக் கூட்டினால் முன்கண்ணாடிக்குச் சிறிதும் பெருகாது. மீனுக்கு வேண்டியதும் அகலமே. உயர்ந்து நிற்கும் தொட்டி காண்போர்க்கு அழகு. தாழ்ந்து அகன்ற தொட்டி மீனுக்கும் கண்ணாடிக்கும் நலம்.

60 சென்டிமீட்டர் உயரமும் ஆறடி நீளமும் உள்ள தொட்டிக்கு 12 மில்லிமீட்டருக்குக் குறைந்த கண்ணாடி கூடாது. மேல்விளிம்பில் நெடுக்கிலும் குறுக்கிலும் கண்ணாடிப் பட்டைகள் ஒட்டி இறுக்குதல் வேண்டும். பழைய தொட்டியைப் புதிதாக ஒட்டிப் பயன்படுத்துவோர் ஓர் உண்மையை நினைவிற்கொள்க: புதிய சிலிக்கோன் பழைய சிலிக்கோன் மீது நன்கு பற்றாது. கசியும் இடத்தின் மேல் சிறிது பசை பூசுவது பயன் தராது. பழையதைச் சவரத் தகட்டால் முற்றும் சுரண்டி, எண்ணெய்ப் பசை நீக்கி, புதிதாக ஒட்ட வேண்டும். பூசணத் தடுப்பு மருந்து கலந்த குளியலறைச் சிலிக்கோன் மீனுக்கு நஞ்சு. ஜாலான் புசாரில் குழாய், விளக்கு, குளியலறைப் பொருள் விற்கும் கடைகள் வரிசையாக உண்டு. அங்கு வாங்குவோர் இதனைக் கேட்டு வாங்க வேண்டும். ஒட்டிய பின் ஒரு வாரமேனும் காயவிட்டு, நீர் நிரப்பிச் சில நாள் கசிவு பார்த்த பின்னரே மீனை விடலாம்.

தாங்கு மேசையின் மட்டம் இன்றியமையாதது. ரசமட்டம் வைத்து நாற்புறமும் பார்க்க வேண்டும். மேசைக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு நுரைப் பாய் விரித்தால், சிறு மணல் துணுக்கு ஒன்று ஓரிடத்தில் அழுத்திக் கண்ணாடியை விரிசலுறச் செய்வதைத் தவிர்க்கலாம்.

வடிகட்டியே தொட்டியின் உயிர்

மீன் உண்ணும் புரதத்திலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி அமோனியாவாகச் செவுள் வழியே வெளிப்படுகிறது. பத்து கிராம் உணவில் நான்கு கிராம் புரதம் இருப்பின், நைட்ரஜன் 0.64 கிராம். அதில் பாதி வெளிப்பட்டாலும், 243 லிட்டர் தொட்டியில் ஒரே நாளில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் சேர்ந்துவிடும். 810 லிட்டரில் 0.4 மில்லிகிராம். பெரிய தொட்டி நஞ்சை அழிப்பதில்லை; காலத்தை நீட்டித்துத் தருகிறது. அழிக்கும் வேலை நுண்ணுயிர்களுடையது.

ஒருவகை நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இது பெரிதும் தீங்கு குறைந்தது. வாரந்தோறும் நான்கிலொரு பங்கு நீரை மாற்றுவதால் நைட்ரேட் வெளியேறும். இந்நுண்ணுயிர்கள் நீரில் மிதப்பனவல்ல. பஞ்சு, பீங்கான் வளையம், கல் ஆகியவற்றின் மேற்பரப்பில் ஒட்டி வாழ்வன. ஆகவே வடிகட்டி என்பது அழுக்கைத் தடுக்கும் சல்லடை மட்டுமன்று. அது நுண்ணுயிர்களின் குடியிருப்பு.

பெரிய தொட்டிக்கு, அதன் கீழே மேசைக்குள் ஓர் அடித்தொட்டி அமைப்பது சிறந்த முறை. மேல்தொட்டி நீர் வழிந்து கீழே இறங்கும். பஞ்சிலும் வளையங்களிலும் ஊறிச் சென்று, பம்பினால் மீண்டும் மேலேறும். தொட்டி நீர் முழுவதும் மணிக்கு ஐந்து முறையேனும் இவ்வாறு சுற்றிவருதல் நன்று. ஈண்டு ஒரு கணக்குப் பிழை பலர் வீட்டை நீர்க்காடாக்கியிருக்கிறது. மின்சாரம் நின்றால் மேல்தொட்டியிலிருந்து சிறிது நீர் தானாகக் கீழிறங்கும். இரண்டு சென்டிமீட்டர் இறங்கினாலும் 27 லிட்டர். அந்த அளவுக்கு அடித்தொட்டியில் எப்பொழுதும் வெற்றிடம் இருத்தல் வேண்டும். வழிகுழாய்க்காகக் கண்ணாடியில் துளையிடுவோர், அது சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடியா என்பதை முன்னரே கேட்டறிதல் வேண்டும். அவ்வகைக் கண்ணாடி துளையிட்டால் நொறுங்கிப் போகும்.

மின் கம்பி தொட்டியிலிருந்து நேரே சுவர்ச் செருகிக்குச் செல்லலாகாது. இடையில் தாழ்ந்து தொங்கி, பின் மேலேறிச் செல்ல வேண்டும். அப்பொழுது கம்பி வழியே ஒழுகும் நீர் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், செருகிக்குள் போகாது. வீட்டின் மின்கசிவுத் துண்டிப்பான் வேலை செய்கிறதா என்பதையும் சோதித்துக்கொள்க.

குழாய் நீரும் பழைய பழக்கமும்

குழாய் நீரை ஒரு நாள் வாளியில் வைத்திருந்தால் குளோரின் பறந்துவிடும் என்பது நம் மூத்தோர் பழக்கம். அக்காலத்து நீருக்கு அது சரி. இன்று சிங்கப்பூர்க் குழாய் நீரைத் தூய்மை செய்யப் பயன்படுவது குளோரமின். குளோரினும் அமோனியாவும் இணைந்த இப்பொருள் எளிதில் ஆவியாவதில்லை. ஒரு நாள் வைத்திருந்தாலும் போகாது. ஆதலின் நீர் மாற்றும்பொழுதெல்லாம் குளோரமினையும் நீக்கவல்ல மருந்தைச் சேர்த்தல் வேண்டும். மருந்து குளோரினை நீக்கினாலும் அமோனியா எஞ்சும்; அதனை வடிகட்டி ஏற்றுக்கொள்ளும். வடிகட்டி நன்கு பழகாத தொட்டியில் ஒரேயடியாகப் பெருநீர் மாற்றுவது எத்துணை இடர் என்பது இதனால் விளங்கும்.

குடிபெயர்ப்பு

புதிய தொட்டிக்கு மீனை மாற்றும் நாளே இடர் மிகுந்தது. புதிய வடிகட்டியில் நுண்ணுயிர்க் குடி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் உடனே விட்ட பெரிய மீன், நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கையிலேயே இறப்பதற்கு இதுவே காரணம். தெளிவு வேறு, தூய்மை வேறு.

இதற்கு வழி எளிது. பழைய வடிகட்டியிலுள்ள பஞ்சையும் வளையங்களையும் தொட்டி நீரிலேயே மெல்ல அலசி, காயவிடாமல் புதிய அடித்தொட்டிக்கு மாற்ற வேண்டும். குழாயடியில் கழுவினால், நீரைத் தூய்மை செய்யும் அதே குளோரமின் நுண்ணுயிர்களை மாய்த்துவிடும். பழைய வடிகட்டியையே சில வாரங்களுக்குப் புதிய தொட்டியில் சேர்த்து ஓடவிடுவது அதனினும் நன்று.

மற்றொரு நுட்பமும் உண்டு. நெடுநாள் மாற்றாத பழைய நீர் மெல்ல மெல்ல அமிலத்தன்மை அடையும். அமில நீரில் அமோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவில் கிடக்கும். நீரின் பி.எச். எண் ஒன்று உயர்ந்தால், அதன் நச்சு வடிவம் ஏறத்தாழப் பத்து மடங்காகும். ஆதலின் பழைய நீரில் வாழ்ந்த மீனைத் திடீரெனப் புதுநீரில் விடுதல் கூடாது. மாற்றுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே சிறிது சிறிதாக நீரை மாற்றிப் பழக்க வேண்டும். மாற்றுவதற்கு முந்தைய நாள் உணவை நிறுத்தலாம். பெரிய மீன் ஒருநாள் பட்டினியால் வாடாது.

அரோவானா, நீர்மேல் தாழ்ந்த கிளைகளில் அமரும் பூச்சியைத் தாவிப் பிடித்து உண்ணும் இயல்பினது. புதிய இடத்தில் அஞ்சித் துள்ளும். கனமான மூடி இல்லாத தொட்டியில் அதன் முதல் இரவே இறுதி இரவாகலாம்.

காலி செய்த பழைய தொட்டியை நடைவழியிலோ வெளிமாடத்திலோ போட்டுவைத்தால், மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு பெருகும். டெங்கிக் காய்ச்சலின் கொடுமையை அறிந்த ஊரில் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கவிழ்த்துவைக்க வேண்டும், அல்லது அன்றே அகற்ற வேண்டும்.

கைவிடலாகாது

இத்தனையும் செய்ய இயலாதவர் என் செய்வார்? சிலர் இரவில் சென்று நீர்த்தேக்கத்தில் மீனை விட்டுவிடுகின்றனர். உயிருக்கு விடுதலை தந்தோம் என்னும் நிறைவு அவர்களுக்கு. ஆனால் இங்கு நடப்பது விடுதலையன்று. வீட்டில் வளர்ந்த மீன்களில் பல இரைதேட அறியாமல் இறக்கின்றன. பிழைத்துக்கொள்பவை அதனினும் தீங்கு. தென்னமெரிக்காவுக்கு உரிய பீக்காக் பாஸ் மீன் சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் இனம் பெருக்கி நிலைபெற்றுவிட்டது. அக்கண்டத்தின் மொட்டோரோ என்னும் திருக்கை, வாலில் நச்சு முள் உடையது. அதுவும் அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் பெருகியிருக்கிறது. அவை ஆற்றின் வழி வந்தவையல்ல; மனிதர் கைவழி வந்தவை. இவ்வாறு விலங்குகளை விடுவது சட்டப்படியும் தண்டனைக்குரியது.

இவ்விடத்தில் அரோவானாவின் கதை எண்ணத்தக்கது. மலாய் மக்கள் கெலிசா என்று அழைக்கும் இம்மீன் தென்கிழக்காசிய ஆறுகளுக்கே உரியது. 1975இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக உடன்படிக்கை, அருகிவரும் உயிர்களுள் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் இதனைச் சேர்த்தது. இன்று பண்ணையில் பிறந்து, உடலில் நுண்சில்லுப் பொருத்தி, சான்றுடன் வரும் மீன்களே முறையான வணிகத்திற்கு உரியன. தன் ஆற்றில் அரிதாகி, நம் கூடத்தில் காணக் கிடைக்கும் உயிர் அது. அதனை வாங்குபவர் ஓர் அலங்காரப் பொருளை வாங்கவில்லை; பல்லாண்டு வாழும் ஓர் உயிரின் பொறுப்பை ஏற்கிறார்.

ஆகவே வாங்குமுன் மூன்று கேள்விகள் போதும். இம்மீன் எவ்வளவு வளரும்? அவ்வளவு பெரிய தொட்டியை என் வீட்டுத் தரை தாங்குமா? தாங்காதெனின், வளர்ந்தபின் இதனை முறையாக ஏற்றுக்கொள்வார் யார்? விடையில்லையேல், கைவிரல் அளவுக்கு மேல் வளராத மீன்கள் எத்தனையோ உள்ளன. நான்கடித் தொட்டியில் அவை கூட்டமாகத் திரியும் அழகு, குறுகிய இடத்தில் திரும்ப இயலாமல் நிற்கும் பெருமீனிடம் இல்லை.

பள்ளியில் மீன் தொட்டி வைத்திருக்கும் ஆசிரியர்கள் இக்கணக்குகளை மாணவரிடமே கொடுத்துப் பார்க்கலாம். தொட்டியின் கொள்ளளவு, நீரின் எடை, கண்ணாடி தாங்கும் விசை, மீனின் முழு வளர்ச்சி ஆகியவற்றை அவர்கள் தாமே கண்டு தமிழில் எழுதட்டும். மீனின் பெயரைப் பாடத்தில் படிக்கும் பிள்ளை, அதற்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பதையும் அறிந்துகொள்ளும்.